ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது?

சென்னையின் தென்பகுதியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முதல் பீரியட் பெரும்பாலும் எனக்குத்தான் வரும். போன வருஷம் ஒரு பையன் வாரத்துக்கு இரண்டு நாளாவது தாமதமாக வருவான். வந்ததும் கதவுக்கு வெளியே நின்றுவிடுவான். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருக்கும். "மிஸ், வேன்…" என்பான், அதற்கு மேல் வார்த்தை வராது. உள்ளே வரச் சொன்னால் உட்கார்ந்து நோட்டைத் திறப்பான், பேனா மூடியைக் கழற்றுவான், அப்புறம் பத்து நிமிஷம் ஒரு வரிகூட எழுத மாட்டான்.

சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் அவனுடைய முதல் பீரியட் நோட்டையும் நான்காம் பீரியட் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பிள்ளைகள் எழுதியது போல இருந்தது. முதல் பீரியட் எழுத்து கோடு தாண்டி ஏறி இறங்கி, பாதி வார்த்தையில் நின்றிருந்தது. நான்காம் பீரியடில் அதே கை அழகாக எழுதியிருந்தது.

அவன் வீடு மேடவாக்கம். பள்ளி இருப்பது பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம். நேர்கோட்டில் பார்த்தால் அதிக தூரமில்லை. ஆனால் இடையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கிடக்கிறது. அதைச் சுற்றிப் போகும் பெரிய சாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை ஒன்று, மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை இன்னொன்று. ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் இவற்றில்தான் போயாக வேண்டும். போதாததற்கு இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி. மாதவரத்தில் தொடங்கி மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை வரும் பாதைக்காகச் சாலையின் நடுவே தடுப்பு வைத்து, இருந்த இடத்தையும் சுருக்கியிருக்கிறார்கள். வேலை முடிந்தால் நல்லது நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்றைய சாலைதான் சாலை.

டாம்டாம் நிறுவனம் வெளியிடும் போக்குவரத்துக் கணக்கின்படி 2024-ல் சென்னையில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 30 நிமிஷத்துக்குச் சற்று மேல் ஆனது. பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் 34 நிமிஷத்துக்கு மேல். இந்தச் சராசரியைப் பார்த்தால், "அரை மணி நேரம்தானே, தாங்கலாமே" என்று தோன்றும். பிள்ளையைப் படுத்துவது அந்தச் சராசரி இல்லை. ஒருநாள் 35 நிமிஷம், மறுநாள் ஒன்றேகால் மணி நேரம், அதற்கு மறுநாள் மழை என்று நாளுக்கு நாள் மாறுவதுதான் படுத்துகிறது. எந்த நாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சரி, இங்கிருந்து விஷயத்துக்கு வருவோம். மன அழுத்தம் என்றால் என்ன? ஒரு சிக்கலைச் சமாளிக்க உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்வதுதான். நாய் துரத்தினால் ஓட வேண்டும், அதற்காக அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. பிரச்சினை இன்னும் நீடித்தால் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. ஓடி முடித்து வீட்டுக்குள் புகுந்ததும் எல்லாம் அடங்கிவிடும். இது கெட்ட விஷயமே இல்லை. ஓட்டப் பந்தயத்துக்கு முன்னாலும் மேடையில் பேசுவதற்கு முன்னாலும் நமக்கு வரும் அதே பரபரப்புதான்.

வேனில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும் உடம்பு இதே தயாரிப்பைத்தான் செய்கிறது. மணி 7.50. சிக்னல் மூன்று முறை பச்சையாகியும் வேன் நகரவில்லை. எட்டரைக்கு கேட் மூடிவிடுவார்கள். உடம்பு "ஓடு" என்கிறது. எங்கே ஓடுவது? இறங்கி நடக்க முடியாது, ஓட்டுநரை வேறு வழியில் போகச் சொல்ல முடியாது, பள்ளிக்கு போன் செய்து சொல்லவும் முடியாது. தயாரான உடம்பு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், சில பள்ளிகளில் ஆறு நாள்.

மன அழுத்தத்தைக் கூட்டுகிற இரண்டு விஷயங்கள் இதில் சேர்ந்து நிற்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதது ஒன்று, தெரிந்தாலும் தன் கையில் எதுவும் இல்லாதது இன்னொன்று. கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் எச்சிலை எடுத்து அதில் கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பயணம் நீள நீள அளவு கூடியது. அதோடு, தன் பயணம் எப்போது எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு அழுத்தமும் அதிகமாக இருந்தது. அவர்கள் பெரியவர்கள். ஆபீசுக்குத் தாமதம் என்றால் ஒரு மெசேஜ் தட்டிவிட்டு உட்காரலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது.

நம்ம மேடவாக்கத்துப் பையன் இதற்குத் தானே ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தான். வேனில் என்ன செய்வாய் என்று ஒருநாள் சும்மாதான் கேட்டேன். "மெட்ரோ தூண் எண்ணுவேன் மிஸ்" என்றான். எந்தத் தூணை எத்தனை மணிக்குத் தாண்டினால் அன்றைக்கு நேரத்துக்குப் போய்விடலாம், எதைத் தாண்டாவிட்டால் லேட் என்று மாதக்கணக்கில் கவனித்து மனசுக்குள் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறான். விளையாட்டுக்காக எண்ணவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டால் நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது, அவ்வளவுதான். உளவியல் ஆய்வு சொல்வதை அந்தப் பிள்ளை வேன் ஜன்னலில் இருந்தே கற்றுக்கொண்டிருக்கிறான்.

இந்த நிச்சயமின்மைக்குக் கொடுக்கும் விலையில் மிகப் பெரியது தூக்கம். பெற்றோர் பலரும் கவனிக்காத இடமும் இதுதான். நல்ல நாளில் 35 நிமிஷம் ஆகும் பயணத்துக்கு மோசமான நாளை மனதில் வைத்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதனால் வேன் 6.50-க்கே வாசலில் நிற்கிறது, பிள்ளை 5.45-க்கு எழுந்தாக வேண்டும். நெரிசலே இல்லாத நாளிலும் நெரிசலுக்கான தூக்கத்தை அந்தப் பிள்ளை கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. சாயங்காலமும் இதே கதை. நாலு மணிக்குப் பள்ளி விட்டால் வீடு சேர ஐந்தரை, டியூஷன், ஹோம்வொர்க், சாப்பாடு முடித்துப் படுக்க பத்தரை. ஏழேகால் மணி நேரம்தான் தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. அப்படிப் பார்த்தால் தினமும் ஒன்றேமுக்கால் மணி நேரம் கடன் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் அது அடைவதில்லை.

"சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே" என்று கேட்பார்கள். வயதுக்கு வரும் பருவத்தில் தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் ஹார்மோன் சுரக்கும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்துப் புரண்டுகொண்டிருப்பது பிடிவாதம் இல்லை, உடம்பின் கடிகாரம் அப்படி மாறியிருக்கிறது. இதனால்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை 8.30-க்கு முன்பு தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-ல் கேட்டுக்கொண்டது. அதில் நான் எடுத்துக்கொள்வது எட்டரை என்ற எண்ணை இல்லை. பள்ளி மணியைப் பிள்ளையின் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம் என்ற யோசனையைத்தான்.

தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டென்று கோபம், சட்டென்று அழுகை, பாடத்தில் பிடிப்பின்மை. கூடவே அடிபடுவது செயல் நினைவு. ஏழெட்டு ஐம்பத்தாறு, அதோடு ஆறைக் கூட்டு என்று சொல்லும்போது அந்த ஐம்பத்தாறை ஒரு கணம் மனதில் பிடித்து வைக்கிறோமே, அந்தத் திறன்தான் செயல் நினைவு. பரபரப்பிலும் தூக்கக் குறைவிலும் முதலில் நழுவுவது அதுதான். கதவருகே நின்றுவிட்டு வந்த பையன் பத்து நிமிஷம் எழுதாமல் இருந்தது இதனால்தான். கரும்பலகையில் இருப்பதைப் படித்து, மனதில் வைத்து, குனிந்து எழுதுவதற்குள் கையை விட்டுப் போய்விடுகிறது.

ட்ராஃபிக்கின் சத்தமும் இதே திறனைத் தாக்குகிறது. பார்சிலோனாவில் 38 பள்ளிகளில் 7 முதல் 10 வயது வரையிலான சுமார் 2,700 பிள்ளைகளை ஓராண்டு கவனித்து 2022-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். சாலை இரைச்சல் அதிகமான பள்ளிகளில் செயல் நினைவும் கவனமும் மெதுவாகத்தான் வளர்ந்தன. வீட்டில் கேட்கும் இரைச்சலை விடப் பள்ளியில் கேட்கும் இரைச்சல்தான் இதில் முக்கியமாக இருந்தது. அதே ஊரில் 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு வாகனப் புகையைப் பற்றியது. புகை அதிகமான பள்ளிகளிலும் இதே மந்தம் தெரிந்தது. பிள்ளைகள் நம்மை விட வேகமாக மூச்சு விடுகிறார்கள், உடல் எடைக்கு அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறார்கள். ஸ்கூட்டரில் அப்பாவின் முன்னால் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை நேராக முகத்தில் அடிக்கிறது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம், அங்கே பகலில் சத்தம் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் நிதானமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் அளவுதான் அது. காலை எட்டு மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலாவது நின்று பாருங்கள். அங்கே ஹாரன் அடிப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளையை இறக்கிவிட வந்த பெற்றோர்தான்.

உடம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெளியே பேசக் கூச்சப்படுவதால் யாரும் எழுதுவதில்லை. வீட்டுக்குத் திரும்பும் பெண் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். பல நாள் காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே இருக்கும். திரும்பும் வழியில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம், நடுவில் பாத்ரூம் கிடையாது என்பதால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் பின்னாலேயே வரும். எங்கள் வகுப்பில் கேட்டபோது ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு, "லஞ்சுக்கு ஒரு மூடி மட்டும் குடிப்பேன் மிஸ்" என்றாள். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தவே மனசு வரவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சுமையும் இல்லை. வேனில் வரும் பிள்ளைக்கு உட்கார இடமாவது உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை இலவச பஸ் பாஸை வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கும். முதல் பஸ் கூட்டமாக வந்து நிற்காமல் போகும், அடுத்ததில் படிக்கட்டில் தொங்கும். பஸ் நெரிசலில் பெண் பிள்ளைகள் படும் தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டூவீலரில் வரும் பிள்ளைக்கோ பெற்றோரின் டென்ஷன் அப்படியே வந்து சேரும். குறுக்கே வந்த ஆட்டோக்காரரை அப்பா திட்டிய வார்த்தை ஏழு வயசுக் காதில் விழுந்து, பள்ளி வாசலில் "நீ லேட்டா எழுந்ததாலதான்" என்று அதன் தலையிலேயே இறங்கும்.

சாயங்காலப் பயணம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறது. நலம் என்றால் நோய் இல்லாமல் இருப்பது மட்டும் இல்லையே. நாலரைக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் தெருவில் விளையாடலாம், பாட்டியோடு உட்கார்ந்து வறுத்த கடலையைக் கொறிக்கலாம், ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடக்கலாம். காலையில் ஏறிய அழுத்தம் இறங்கும் நேரமே அதுதான். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நெரிசல் தின்கிறது.

இதெல்லாம் என் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, வேனில் வாந்தி, இட்லியை வாயில் வைக்க முடியாமல் தவிப்பது, வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டு எரிந்து விழுவது இவற்றைக் கவனியுங்கள். லீவு நாளில் இந்தத் தொல்லைகள் மறைந்துவிடுகின்றனவா என்றும் பாருங்கள். மறைந்தால் பள்ளி அல்லது பயணம். பாடத்திலோ நண்பர்களிடமோ பிரச்சினை இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும், அதனால் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசாமல் முடிவுக்கு வராதீர்கள். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அவற்றுக்குப் பலன் உண்டு. பையை ராத்திரியே அடுக்கி வைப்பது, வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரம் "டெஸ்ட்ல எவ்வளவு" என்று கேட்காமல் இருப்பது, தாமதமானால் "இன்னும் இருபது நிமிஷம் ஆகும், மிஸ்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்று பிள்ளைக்குத் தெரியப்படுத்துவது. அந்த ஒரு வாக்கியம் போதும், தெரியாததைத் தெரிந்ததாக்கிவிடும்.

ஆனால் பெரிய பங்கு பள்ளிகளுக்குத்தான். எந்த வீட்டில் குடியிருப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வேன் எந்த வழியில் போவது எல்லாம் பெரியவர்கள் எடுத்த முடிவு. தாமதத்துக்கு மட்டும் பிள்ளையை வெயிலில் நிற்க வைக்கிறோம். இதை நான் நியாயம் என்று ஒருநாளும் ஏற்க மாட்டேன். வேன் தாமதமானால் அந்த வேனின் பிள்ளைகள் பெயரைத் தாமதப் பதிவேட்டில் எழுதக் கூடாது. முதல் பீரியடில் டெஸ்ட் வைக்கக் கூடாது. கேட் மூடுவது எட்டரை என்றால் பாடம் எட்டேமுக்காலுக்குத் தொடங்கட்டும்.

ஊர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இத்தாலியில் போல்சானோ என்ற ஊரில் 1989-லேயே பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் பள்ளித் தெருவில் வண்டிகளை நிறுத்திவைக்கத் தொடங்கினார்கள். இன்று லண்டனில் நூற்றுக்கணக்கான பள்ளித் தெருக்கள் அப்படி இயங்குகின்றன. நம்மிடமும் அடிப்படை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ்நாடு அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. பிள்ளை அந்த சைக்கிளைப் பயமில்லாமல் மிதித்துப் போக ஒரு ஓரம் மட்டும் சாலையில் இல்லை. டென்மார்க்கில் 2012-ல் சுமார் 20,000 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், நடந்தோ சைக்கிளிலோ வந்த பிள்ளைகள் மற்றவர்களை விட நன்றாகக் கவனம் செலுத்தினார்கள். அதன் பலன் காலை வகுப்புகள் முழுக்கத் தெரிந்தது.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்கிறோம். வேனில் முதல் ஸ்டாப் பிள்ளைதான் எல்லோரையும் விட முன்னால் ஏறி, மாலையில் எல்லோருக்கும் கடைசியாக இறங்கும். வருஷம் முழுக்க அதே பிள்ளை. பெற்றோர் கூட்டத்தில் பேசி, காலையில் முதலில் ஏறும் பிள்ளை மாலையில் முதலில் இறங்கும்படி சுற்றுப்பாதையை மாற்றிக் கேட்டோம். வேன் அண்ணா ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். மேடவாக்கம் ரூட் அண்ணா தலையைச் சொறிந்தார். மெட்ரோ தடுப்பு இருப்பதால் அந்தப் பக்கம் யூ-டர்ன் இல்லையாம், ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முதல் வாரத்தில் தூண் எண்ணும் பையன் நாலே முக்காலுக்கு வீட்டில் இருந்ததாக அவன் அம்மா போன் செய்தார்.